நான் வெட்டச் சொன்ன நான்கு நிமிஷம்

பிரபாவுக்கு,

இதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் முழுசாகப் படித்துவிடு. அன்று ராத்திரி உன் படத்தின் கடைசிப் பிரதி விழாவுக்குப் போய்விடும், அதற்கு மேல் படித்தால் பிரயோஜனமில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் காலையில் போனிலேயே கேட்டாகிவிட்டது, அதனால் இங்கே எழுதவில்லை. வடபழனியில் சிநேகிதன் அறையில் உட்கார்ந்து படத்தின் கடைசி வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால், நான் பாதி சொல்வதற்குள் "பரவால்லமா, வுடு" என்று நீயே முடித்துவிடுவாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அந்தப் பரவாயில்லை வேண்டாம். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து சில இடத்தில் புரியாது. அங்கெல்லாம் உன்னைத் திட்டியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

நேற்று நீ ஒரு போட்டோ அனுப்பினாய். உன் சினிமாவின் கடைசியில் ஓடுகிற பெயர்களில் ஒரு வரி. படத்தொகுப்பு என்று போட்டு உன் பெயர், அதற்குக் கீழே என் பெயர். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான் இப்படி இருக்கிறேன் என்று உன் அப்பா நினைத்துக்கொண்டு, எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டு, "பாருப்பா, வூட்டுக்காரம்மா பேரு சினிமாவுல வருது" என்று காட்டிக்கொண்டிருந்தார். சந்தோஷமில்லை பிரபா. எனக்கு உன் மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை, நீ அந்தப் படத்தை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறது. அந்தப் பொறாமையில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அந்தக் காரியத்துக்குத்தான் நீ என் பெயரைப் போட்டிருக்கிறாய்.

புவனேஸ்வரத்தில் நடக்கப்போகிற விழாவுக்கு உன் படம் தேர்வானதாகத் தகவல் வந்த அன்று, உன்னைக் கூடத்தில் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, எதிர்வீட்டுக் கண்ணு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே சுற்றினேன். நீ போனைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் காட்டினாய். கொட்டாங்குச்சி நெருப்பில் போட்ட மிளகாய் கொஞ்சம்கூட நெடி அடிக்கவில்லை. "செம்ம திருஷ்டி போலமா" என்று சிரித்தாய். யாருடைய கண் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் அந்தப் பட்டியலில் சொல்லாமல் விட்டுவிட்டு, உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டேன்.

இது எங்கே தொடங்கியது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு முன்பு நடந்தவை, உனக்குப் பாதிதான் தெரியும். நான் கல்யாணமாகி வந்தபோது உன் அப்பா பூக்கடை சத்திரம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்பக்கம் பாஸ்போர்ட் போட்டோ, பின்பக்கம் வீடியோ மிக்ஸிங். மிக்ஸிங் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேலூருக்குப் போய்விட, "நீ செத்த உக்காந்து பாரேன்" என்று அப்பா என்னை உட்கார வைத்தார். செத்த நேரம் என்று உட்கார்ந்தவள் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் ஒரு வி.சி.ஆர். ஓடும், அந்தப் பக்கம் இன்னொன்று பதியும், நடுவில் மிக்ஸர். தாலி கட்டும்போது மாப்பிள்ளை முகத்தைச் சுற்றி ரோஜாப்பூ வர வைப்பது, பெண்ணின் கண்ணிலிருந்து கோபுரம் எழும்புவது, எல்லாம் நான் செய்ததுதான். இப்போது நீ அதைப் பார்த்துவிட்டு உன் சிநேகிதர்களோடு சேர்ந்து உருண்டு உருண்டு சிரிக்கிறாய். சிரி. அந்த ரோஜாப்பூவைச் சரியான நொடியில் போட எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

கல்யாண மிக்ஸிங்கில் ஒரே ஒரு சட்டம்தான். ஒரு முகமும் விட்டுப்போகக் கூடாது. மொய் எழுதினவர், தட்டு கொடுத்தவர், பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தவர் எல்லோரும் வந்தாக வேண்டும். பெண் வீட்டு ஆளுக்கு மூன்று செகண்டு, மாப்பிள்ளை வீட்டு ஆளுக்கு இரண்டு செகண்டு என்றால் அதற்கும் பஞ்சாயத்து வரும். கேசட்டைப் போட்டுப் பார்க்கிற அன்றைக்கு மொத்தக் குடும்பமும் அவரவர் முகத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அங்கே கதை என்று ஒன்றும் கிடையாது. மண்டபத்துக்கு வந்தவர்களுக்கு வருகைப் பதிவு எடுக்கிற வேலை அது.

ஒரு தடவை தென்னேரிக்காரர்கள் வீட்டுக் கல்யாணம், வாலாஜாபாத் மண்டபத்தில். அப்பா எடுத்து வந்த கேசட்டை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் பந்திக்குப் போனபிறகு கேமராவை அணைக்க மறந்து ஸ்டாண்டிலேயே விட்டிருக்கிறார். வரிசையாகக் காலி நாற்காலி. நடுவில் பெண்ணின் அம்மா மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து ஓடி ஓடி அலுத்தவள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை எடுத்து இன்னொரு கால் மேல் போட்டு, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொள்கிறாள். பிறகு மேடையைப் பார்க்கிறாள். மேடையில் யாருமில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இரண்டு நிமிஷம். அந்தக் கல்யாணம் மொத்தமும் அந்த இரண்டு நிமிஷத்தில் இருந்தது. நான் அதற்கு நாதஸ்வரத்தைக்கூட ஏற்றவில்லை. இருந்தது இருந்தபடி கேசட்டில் வைத்தேன்.

பெண்ணின் பெரிய மாமா மூன்றாம் நாளே கேசட்டை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். "எங்க சித்தப்பா தட்டு குடுத்தது எங்கம்மா காணோம்? யாரும் இல்லாத சேர இம்மா நேரம் காட்டிக்கினு இருக்கீங்க. இழுக்குதும்மா. ஜனம் எழுந்து பூடும்" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எடுக்கச் சொல்கிறார் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அந்தக் காலத்தில் நடுவில் இரண்டு நிமிஷத்தை எடுப்பதென்றால் அந்த இடத்திலிருந்து கடைசி வரைக்கும் திரும்பப் பதிய வேண்டும். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பதிந்து கொடுத்தேன். அப்பா எடுத்து வந்த மூலக் கேசட்டில் அடுத்த முகூர்த்தத்தில் வேறு யாருடைய கல்யாணத்தையோ பதிந்துவிட்டார்கள். அப்படித்தான் எல்லா ஸ்டுடியோவிலும் செய்வார்கள். அதோடு அந்த அம்மாளும் அழிந்து போனாள். இப்போது அந்த இரண்டு நிமிஷம் இருக்கிற ஒரே இடம் என் தலைதான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஆசை முற்றியது. ஒரு கதை எழுதினேன். நாற்பது பக்க நோட்டு. காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண். வருகிறவர்களுக்குக் கட்டிக் காட்டுவதற்காக நாள் முழுக்க விதவிதமான பட்டுப்புடவையை மேலே போட்டுப் போட்டுக் கழற்றுகிறவள், ஒருநாள் ஒன்றைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. பஸ்ஸில் அவளை எல்லோரும் எப்படிப் பார்க்கிறார்கள், அவள் எப்படி உட்காருகிறாள், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆடி மாசம் வந்தது. முகூர்த்தம் கிடையாது, கேமரா பீரோவில். அப்பா சாப்பிட்டுவிட்டு நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"கேமரா சும்மாத்தான தூங்கிக்கினு இருக்குது. ஒரு பத்து நாளு குடுங்க. நான் ஒண்ணு எடுத்துப் பாக்கறேன்."

"இன்னா எடுக்கப் போறே?"

"ஒரு கதை."

அவர் கத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார். "நீ கேமராவத் தூக்கிக்கினு காந்தி ரோட்டுல நின்னா நாளைக்கு எனக்கு எவன்மா கல்யாண ஆர்டர் குடுப்பான்? பொண்டாட்டிய ரோட்டுல நிக்க வச்சிட்டான்னு பேசுவானுங்க. வேணாம்மா." நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. உன் அப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேட்காதது என் தப்பு. அடுத்த ஆடியும் வந்தது, அதற்கடுத்த ஆடியும் வந்தது. ஒவ்வொரு ஆடியிலும் பீரோவைத் திறந்து கேமராவைத் துடைத்து வைத்தேன். வாய் திறந்து கேட்கவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் நிற்கிற ஆட்டோக்காரன், வெளியூர்க்காரர்களைச் சாமி பார்க்க வைத்து, அப்படியே பட்டுக் கடையில் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் பிழைக்கிறவன். அவனும் அவன் பெண்டாட்டியும். இதுதான் உன் படம். ஒரு போன், ஒரு ஸ்டாண்டு, சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு மைக். ஆட்டோக்காரனாக நடிக்க நிஜ ஆட்டோக்காரர், பெண்டாட்டியாக நடிக்க கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடையில் இருக்கிற கௌசல்யா. இதை வைத்துக்கொண்டு முழு நீளப் படம் எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். சிரித்தது அது நடக்காது என்பதால் இல்லை. நடந்துவிடும் என்று தெரிந்ததால்.

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதத்தில் வயிறு எரிந்தது. உனக்கு ஒரு மழைக் காட்சி வேண்டியிருந்தது. மூன்று நாள் வானத்தைப் பார்த்தாய். நான்காம் நாள் வந்து சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்து, நான் ரசம் கொதிக்க வைப்பதற்குள் எடுத்த காட்சியில் மழையைப் பெய்ய வைத்துவிட்டாய். "மழைமா" என்று காட்டினாய். பார்த்தேன். மழைதான். "பின்னாடி நிக்கிறவன் ஒருத்தனாவது தலைல கைய வச்சிக்கினு ஓடறானாடா? ஆட்டோ சீட்டு காஞ்சிகினு இருக்குது பாரு" என்றேன். நீ என்னைக் கட்டிக்கொண்டாய். "இதத்தாம்மா யாரும் கவனிக்க மாட்டாங்க. நீ கவனிச்சே" என்றாய். திரும்ப உட்கார்ந்து, சீட்டை நனைத்தாய், இரண்டு பேரை ஓட வைத்தாய். அந்த ஒன்றுக்கு நீ என் பெயரைப் போட்டிருந்தால் நான் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டிருப்பேன். மாகறலில் ஒரு கல்யாணத்தில், பெண் அழைப்பின்போது மழை வந்தால் நன்றாயிருக்கும் என்று நான் வேண்டிக்கொண்டதும், வராமல் போனதும் அன்றைக்கு உன்னிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

பிறகு அந்தக் குரல். கௌசல்யாவுக்குப் பிரசவ நேரம், அம்மா வீட்டுக்கு அரக்கோணம் போய்விட்டாள். ஒரு வசனத்தில் லாரி சத்தம் விழுந்திருந்தது. அவள் முன்பு பேசியதிலிருந்து எடுத்து, அவள் பேசாத வார்த்தையை அவள் குரலிலேயே கம்ப்யூட்டரில் பேச வைத்தாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் நீ அவளுக்கு போன் போட்டு, "அக்கா, இந்த லைன மட்டும் இப்டி பண்ணிக்கட்டுமா? கேட்டுப் பாத்து ஓகே சொல்லுங்க, இல்லன்னா வச்சிக்க மாட்டேன்" என்று கேட்டதையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேட்கிற பழக்கத்தை விடாதே. இனிமேல் யாரையும் கேட்காமலே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம் என்று உன் கம்ப்யூட்டர் உனக்குச் சொல்லும். ஒருத்தருடைய முகம், குரல், அழுகை எல்லாம் கைக்குச் சும்மா வந்து விழும். விழட்டும், நீ கேள். புத்திமதி என்று இந்தக் கடிதத்தில் நான் சொல்ல அருகதையுள்ளது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அதுவும் நீயே செய்துகொண்டிருப்பது.

என் பொறாமை மழை மேலும் குரல் மேலும் இல்லை. எதன் மேல் என்று உட்கார்ந்து யோசித்தேன். உனக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதன் மேல். காலையில் தோன்றியது, சட்டையை மாட்டிக்கொண்டு போய் எடுத்தாய். பிடிக்கவில்லை, அழித்துவிட்டு மறுநாள் எடுத்தாய். தப்பாக வெட்டினால் ஒரு பொத்தானை அழுத்தினாய், வெட்டாதது மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒவ்வொரு வெட்டும் ஒரு தடவைதான். ஒரு நாள் வெயிலில் நீ காந்தி ரோட்டில் எடுத்துக்கொண்டிருந்தபோது மோர் கொண்டுவந்தேன். உன் அப்பா பெரிய தெர்மாகோல் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கௌசல்யா முகத்துக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டு, வேர்த்து ஊற்ற நின்றிருந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கிறார்கள். "தள்ளிப் போங்கப்பா, ஷூட்டிங் நடந்துக்கினு இருக்குது" என்று அதட்டுகிறார். அதே காந்தி ரோடு. அதே மனுஷர். மோரைப் பக்கத்துக் கடைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மோர் எங்கே என்று நீ கேட்டபோது மறந்துவிட்டேன் என்றேன்.

இனி, நான் அந்தக் காரியத்தைச் செய்த ஞாயிற்றுக்கிழமை. மூன்று வாரமாகிறது. தேர்வான படத்தைக் கொஞ்சம் இறுக்கிக் கடைசிப் பிரதியை அனுப்பலாம் என்று விழாக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ என்னைக் கூடத்தில் லேப்டாப் முன்னால் உட்கார வைத்தாய். ஹெட்போனை நீயே என் காதில் மாட்டிவிட்டு, "எங்க இழுக்குதுன்னு மட்டும் சொல்லும்மா. நீ சொன்னா எடுத்துடறேன்" என்றாய். முக்கால் மணி நேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்தேன். பிறகு அந்தக் காட்சி வந்தது. நாளெல்லாம் யார் யாரையோ ஏற்றி இறக்குகிற ஆட்டோவில், அவன் பெண்டாட்டி முதல்முறையாகப் பின்சீட்டில் தனியாக ஏறி உட்காருகிறாள். "எங்கமா போவணும்?" என்று அவன் பழக்கதோஷத்தில் கேட்டுவிடுகிறான். "எங்கயும் வேணாம். சும்மா ஓட்டு" என்கிறாள். அதற்குப் பிறகு நான்கு நிமிஷம் ஒரு வெட்டும் கிடையாது. போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறாய். அவள் முகம், காற்று, பின்னால் ஓடுகிற கடைகள். ஒரு இடத்தில் தானாகச் சிரிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விடுகிறாள். பிறகு காலைத் தூக்கி சீட்டின் மேல் நீட்டிக்கொண்டு, ஊரைப் பார்க்கிறாள்.

பத்து செகண்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் படம் மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. நான் காலி நாற்காலிகளுக்கு நடுவில் பார்த்த அதே பொம்பளை. உனக்கு நான் அவளைப் பற்றிச் சொன்னதே இல்லை. நீயாகக் கண்டுபிடித்திருக்கிறாய், இருபத்தேழு வயசில், ஒரு போனில். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளையை நினைத்து மனசு நிறைந்திருக்க வேண்டும். எனக்கு என்ன வந்தது தெரியுமா, இதை யாரும் பார்க்கக் கூடாது என்று வந்தது. எனக்குக் கிடைக்காதது இவனுக்கு எதற்கு என்று வந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு நான் சொன்னேன், "இங்கதான்டா இழுக்குது. நாலு நிமிஷம் ஒரே மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தா ஜனம் எழுந்து பூடும்." அந்தப் பெரிய மாமா சொன்ன அதே வார்த்தை. இத்தனை வருஷமாக அந்த ஆளை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் வாயாகவே பேசினேன்.

நீ உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அப்டியாம்மா?" என்றாய். "கௌசல்யா அக்கா அதுல சூப்பரா பண்ணியிருப்பாங்களே" என்றாய். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "கல்யாண கேசட்டுல இருபது வருசம் பாத்தவ சொல்றேன்" என்று சொன்னேன். என் அனுபவத்தை எடுத்து உன் தலையில் வைத்தேன். அந்த நான்கு நிமிஷத்தைப் பதினோரு செகண்டு ஆக்கினாய், என் கண் முன்னாலேயே. அவள் ஏறுகிறாள், சும்மா ஓட்டு என்கிறாள், ஆட்டோ போகிறது. அவ்வளவுதான் மிச்சம். "கரெக்டும்மா, இப்ப டைட்டா இருக்குது" என்று நீ சொன்னது உன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வதற்கு என்று எனக்குத் தெரியும். நான் எழுந்துபோய் உனக்குக் காபி போட்டேன். அந்தக் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன், நீ அப்படியே குடித்தாய்.

இந்த மூன்று வாரத்தில் எத்தனையோ முறை சொல்ல நினைத்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்குகளையும் சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே கொஞ்சம் நீளம்தானே என்றேன். அவன் படித்தவன், அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும் என்றேன். விழாவுக்குப் போகிற படத்தில் நான்கு நிமிஷம் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்றேன். நேற்று அந்தப் பெயர் வரி வந்ததும் அந்தச் சாக்கெல்லாம் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ கேசட்டில் அப்பா ஸ்டுடியோவின் பெயர்தான் வந்தது. என் பெயர் எதிலும் இல்லை. முதல்முறையாக வருகிறது. எதற்காக வருகிறது என்று பார்த்தால், என் பிள்ளையின் நல்ல காட்சியைக் கொன்றதற்காக.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இது உனக்காக இல்லை, எனக்காக. புதுப் போன் வாங்கியதும் பழையதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, படத்தில் பாதியை எடுத்தாயே, அந்தப் போன். அது என் கையில்தான் இருக்கிறது. அதில் நான் அக்கா தங்கைகளுக்குக் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா இப்போது தடுக்க மாட்டார். நான் காந்தி ரோட்டில் நின்றால் அந்த மனுஷரே தெர்மாகோல் பிடிப்பார். அப்படியிருந்தும் நான் இத்தனை நாள் ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. யாரையும் கேட்க வேண்டாத நாள் வந்தபிறகும் நான் யாரோ அனுமதி தரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். உன் மேல் வந்த பொறாமையில் பாதி இதுதான். உன் தலைமுறைக்குக் கருவி கிடைத்தது என்று எல்லோரும் பேசுகிறார்கள். கருவி எனக்கும் கிடைத்திருக்கிறது. நான் இன்னும் பீரோவைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படித்ததும் நீ போன் செய்வாய். எடுக்க மாட்டேன், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு நிமிஷம் உன் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது, நீ எதையும் அழிக்கிறவன் இல்லை. எனக்கு ஒரு பகல் பிடித்த வேலை உனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, இனி எவர் சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், சொல்கிறவர் கண்ணில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அவர் பேச்சைக் கேள்.

அந்தக் காட்சி திரும்ப வந்துவிட்டால் படத்தொகுப்பில் நான் செய்தது என்று ஒன்றும் மிச்சமில்லை. மழையில் சீட்டு நனைந்ததற்கு நன்றி என்று எங்காவது மூலையில் போடுவதானால் போடு. அந்த வரியிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. எடுக்காமல் விட மாட்டாயா என்று எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது பிரபா. எழுதும்போதே இருக்கிறது. அதனால்தான் என்னை நம்ப வேண்டாம் என்கிறேன். அந்தப் பின்சீட்டில் அவளை உட்கார வை. கால் நீட்டிக்கொள்ளட்டும்.

அம்மா